சாட்சிக் கண்ணாடி

மூன்றாம் செமஸ்டர். கட்டட ஆய்வு, செய்முறை.
யாருக்கு எந்தக் கட்டடம் என்று
சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்.
பர்கத்துக்குப் புதுவயல் சாலையில் அரிசி ஆலை.
ஜெசிந்தாவுக்கு தேவகோட்டை ரஸ்தாவில் பயணியர் நிழற்குடை.
என் சீட்டைப் பிரித்தேன்:
மகளிர் விடுதி, மேற்குத் தொகுதி.
நான் படுத்துறங்கும் கட்டடம்.

"பஸ் காசு மிச்சம்டி" என்றாள் பர்கத்.

அதுவரை அந்தச் சுவர்
துண்டு காயப்போடும் சுவர்.
அந்தக் கோடு
ஜன்னல் மூலையில் தொடங்கி, படிபடியாக இறங்கி,
ஜெசிந்தாவின் தலைமாட்டில் முடிகிற வெறும் கோடு.
பல்லி ஒன்று அதன் வழியே போய்வரும்.
கையேட்டைத் திறந்ததும் அதற்குப் பெயர் வந்துவிட்டது:
சீரற்ற அமிழ்வு.

படிவம் அகலம் கேட்டது.
'கொஞ்சம்' என்று எழுத அதில் கட்டமில்லை.
அளவியை ஒட்டிப் பார்த்தேன்,
பூஜ்யம் புள்ளி மூன்று மில்லிமீட்டர்.
குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லைப் பதித்து
மார்க்கரில் தேதி போட்டேன்.
சாட்சிக் கண்ணாடி.
சுவர் அசைந்தால் அது உடைய வேண்டும்,
அவ்வளவுதான் அதற்கு வேலை.

வரைபடம் கேட்டு அலுவலகம் போனேன்.
முதல் தடவை, பீரோ சாவி இல்லை.
இரண்டாம் தடவை, பீரோவே இல்லை.
தண்ணீர் லாரி ஓட்டும் செல்லையா
குழாயை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"இதுல நான் நீச்சலடிச்சிருக்கேன் பாப்பா. ஊருணி இது."

நீச்சலடித்ததைப் படிவத்தில் ஏற்ற முடியாது.
கைத்துரப்பணத்தைக் கொண்டுவந்து
சுவரோரம் திருகினோம், ஆள் மாற்றி ஆள்.
ஒரு மீட்டர் வரை லாரியில் வந்த செம்மண்.
அதன் கீழே ஓட்டுச் சில், தயிர் பாக்கெட்.
இரண்டே காலில் கருங்களி,
அதற்குள் முழுசாக ஒரு நத்தைக் கூடு.
பையிலிட்டு எண் எழுதினேன்: மாதிரி நான்கு.

காலை வகுப்பில் திட்ட மேலாண்மை.
ஒரு வேலை எத்தனை நாள் பிந்தினாலும்
மொத்தத் திட்டம் பிந்தாதோ
அத்தனை நாளுக்கும் மிதவை என்று பெயர்.
பிடித்துப்போன சொல்.
எங்கள் வீட்டில் எதற்கும் மிதவை உண்டு,
அம்மா கட்டும் சீட்டுக்கு, அக்கா கல்யாணத்துக்கு,
என் விடுதிக் கட்டணத்துக்கும்.
சுவருக்கு எத்தனை நாள், சார்?
நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

ஐப்பசியில் ஆறு நாள் அடைமழை.
இந்தச் சீமையில் மழை என்றால்
யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.
நானும் அப்படி வளர்ந்தவள்தான்.
ஆறாம் ராத்திரி
டிக் என்றது.
"பல்லி" என்றாள் ஜெசிந்தா, தூக்கத்திலேயே.
செல்போன் வெளிச்சத்தில்
தேதியின் நடுவே பிளந்திருந்தது கண்ணாடி.
இரண்டு நாற்பது. ஒன்று புள்ளி ஒன்று மில்லிமீட்டர்.
கை நடுங்கியது; அதனால் மூன்று முறை அளந்தேன்.
சராசரியும் அதேதான்.

ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று வந்தது.
அளவுகளுக்கு முழு மதிப்பெண்.
'உடனே காலி செய்க' என்ற வரியின் கீழே
சிவப்பு மையில்: மாணவர் வரம்புக்கு அப்பாற்பட்டது.

நகல் எடுத்து வார்டனிடம் கொடுத்தேன்.
பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்டேன்,
தேதியோடு, நேரத்தோடு.
மேலாண்மையில் நான் உருப்படியாகக் கற்றது அது.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்,
பேனா எழுதவில்லை என்றார்.
என்னுடையதை நீட்டினேன்.

இன்றிரவு மூன்று கட்டில்களையும்
கிழக்குத் தூணோரம் இழுத்துப் போட்டோம்.
விடிந்ததும் இளையான்குடி பஸ் ஏறிவிடுவேன் என்கிறாள் பர்கத்,
பெட்டியைப் பாதி கட்டி வைத்துவிட்டு.
மழை விட்டிருக்கிறது.
விரிசலின் குறுக்கே புதுச் சில்லு.

"இது எப்ப உடையும்?" என்கிறாள் ஜெசிந்தா.

மார்க்கர் மூடியைப் பல்லில் கடித்தபடி
ஒட்டிய தேதியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.